விண்டோஸ் திறக்காத இரட்டை இயங்குதளக் கணினி: எந்த வழியில் மீட்பது?

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே நிறுவி வைத்திருப்பவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து தடுமாறி நிற்கிறார்கள். முந்தைய நாள்வரை இரண்டும் திறந்திருக்கும். இன்று லினக்ஸ் மட்டும் திறக்கிறது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரை அப்படியே நிற்கிறது, அல்லது நீலத் திரை வந்து கணினி மறுபடி தொடங்குகிறது, அல்லது தேர்வுப் பட்டியலில் விண்டோஸின் பெயரே இல்லை. உதவி கேட்டால், ஒருவர் அந்தத் தேர்வுப் பட்டியலைக் காட்டும் க்ரப் என்னும் நிரலைப் புதுப்பிக்கச் சொல்கிறார்; இன்னொருவர் பென்டிரைவில் விண்டோஸைப் போட்டு நான்கு கட்டளைகளை வரிசையாக அடிக்கச் சொல்கிறார்; மூன்றாமவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நிம்மதி என்கிறார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு சூழலில் சரிதான். எந்தச் சூழலில் எது சரி என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

இப்படி நின்றுபோன கணினிகளைச் சரிசெய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்று உண்டு. கோப்புகளை இழந்தவர்களாக நான் பார்த்தவர்கள் முதலில் வந்த பழுதால் அவற்றை இழக்கவில்லை. பழுது எங்கே என்று பார்க்காமல், கையில் கிடைத்த வழியைச் செய்துபார்த்ததால் இழந்தார்கள். ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன், பழுது எந்த இடத்தில் என்பதைக் கண்டறிய ஐந்து நிமிடம் செலவிட வேண்டும்.

## முதலில் ஒரு சோதனை

பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸின் நுழைவுத் திரை வரும்வரை வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. இன்றைய கணினிகளில் முதலில் எழுவது தாய்ப்பலகையிலேயே உள்ள யூஇஎஃப்ஐ என்னும் மென்பொருள். பழக்கத்தால் அதையும் பயாஸ் என்றே பலர் சொல்கிறோம். அது தன் நினைவகத்தில் உள்ள துவக்கப் பட்டியலைப் பார்த்து, வட்டில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்னும் சிறிய பகுதிக்குள் சென்று, ஒரு கோப்பை இயக்குகிறது. அந்தப் பகுதி ஃபேட்32 வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் நிறுவி உருவாக்கியதாக இருந்தால் பெரும்பாலும் 100 எம்பி அளவே இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்னும் கோப்புறையில் விண்டோஸின் துவக்கியும், உபுண்டு, ஃபெடோரா போன்ற பெயருள்ள கோப்புறையில் லினக்ஸின் துவக்கியான க்ரப்பும் தனித்தனியே குடியிருக்கின்றன. விண்டோஸின் துவக்கி, பிசிடி என்னும் சிறிய பதிவேட்டைப் படித்து, விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை ஏற்றுகிறது. க்ரப்பில் விண்டோஸைத் தேர்ந்தெடுக்கும்போதும் நடப்பது இதுதான். க்ரப் தானாக விண்டோஸை ஏற்றுவதில்லை, விண்டோஸின் துவக்கியிடம் கணினியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சோதனை இதுதான். கணினியை முழுதாக அணைத்து, மறுபடி இயக்கும்போது ஒருமுறைத் துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்துங்கள். அது எஃப்12, எஃப்9, எஃப்8, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வரும் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்பதை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். இப்போது க்ரப் நடுவில் இல்லை. நான்கில் ஒன்று நடக்கும்.

விண்டோஸ் ஒழுங்காகத் திறந்துவிட்டால், விண்டோஸில் எந்தப் பழுதும் இல்லை. பழுது க்ரப்பின் பட்டியலில். அந்தப் பெயரே பட்டியலில் இல்லாவிட்டாலோ, துவக்கத் தகவல் காணவில்லை என்ற பொருளில் ஒரு நீலப் பக்கம் வந்தாலோ, பழுது இஎஃப்ஐ பார்ட்டிஷனிலோ பிசிடியிலோ இருக்கிறது. விண்டோஸின் சின்னம் தோன்றி, புள்ளிகள் சுழன்று, அதன் பிறகு நின்றால், துவக்கி தன் வேலையை முடித்துவிட்டது. பழுது விண்டோஸுக்குள்ளோ, வட்டிலோ, பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது. நான்காவது, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும் பக்கம். இது பழுதே அல்ல, வட்டைக் குறியாக்கம் செய்து காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் பூட்டு. துவக்கச் சூழலில் ஏதோ மாறியிருப்பதைக் கண்ட கணினி உரிமையாளரின் சாவியைக் கேட்கிறது. சாவியைக் கொடுத்தால் திறந்துவிடும் ஒரு கணினியில் துவக்கப் பழுதுபார்ப்புக் கட்டளைகளை மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பயாஸ் முறையில் நிறுவப்பட்ட கணினிகளில் இந்தப் பட்டியல் விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் பிரித்துக் காட்டாது. அங்கே வட்டின் முதல் 512 பைட்டுகளே வாசல். ஒரு நேரத்தில் ஒரு துவக்கிக்குத்தான் அதில் இடம்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து அளவுகோல்களால் பார்க்கிறேன். முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதும், செய்ததை மாற்றிக்கொள்ள முடியுமா என்பது. பட்டியலின் வரிசையை மாற்றினால் திரும்ப மாற்றலாம். ஒரு பார்ட்டிஷனை ஃபார்மட் செய்துவிட்டால் திரும்ப வழியில்லை. இரண்டாவது, கண்டறிந்த பழுதை அந்த வழி தொடுகிறதா என்பது. மூன்றாவது, நன்றாக இருக்கும் லினக்ஸை அது என்ன செய்யும் என்பது. நான்காவது, கையில் என்னென்ன வேண்டும் என்பது: இன்னொரு கணினி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ், இணையம், பிட்லாக்கர் சாவி. ஐந்தாவது நேரம், பழுது நீங்கும்வரை ஆகும் நேரத்தோடு, அதற்குப் பின் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவிக் கடவுச்சொற்களைத் திரும்பக் கொடுத்துப் பழைய நிலைக்கு வரும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பலர் இந்த இரண்டாவது நேரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எந்த வழியானாலும், தொடங்கும் முன் இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். லினக்ஸ் திறக்கிறது என்றால் அதிலிருந்தே விண்டோஸ் பார்ட்டிஷனைப் படித்து, முக்கியமான கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் வரும் விரைவுத் தொடக்க வசதியால், அணைக்கப்பட்ட விண்டோஸ் உண்மையில் பாதி உறங்கிய நிலையில் இருக்கக்கூடும். அப்போது அந்தப் பார்ட்டிஷன் படிக்க மட்டுமே திறக்கும். நகலெடுக்க அது போதும். எழுதவும் அனுமதிக்குமாறு அதைக் கட்டாயப்படுத்தித் திறக்காதீர்கள். இரண்டாவது காரியம், பிட்லாக்கர் சாவியைத் தேடி எடுப்பது. ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் கொண்ட அந்த எண், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியை அமைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள நிர்வாகியிடம் இருக்கும். பிட்லாக்கர் போட்ட நினைவே இல்லை என்பவர்களும் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு புதிதாக நிறுவப்படும்போது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் கேட்காமலே இயங்கிவிடுகிறது.

ஐந்து வழிகளையும் ஒரே பார்வையில் காண இந்த அட்டவணை. நேரங்கள் என் அனுபவ மதிப்பீடுகள்.

| வழி | தொடும் பழுது | திரும்ப மாற்ற முடியுமா | லினக்ஸுக்கு | நேரம் |
|---|---|---|---|---|
| லினக்ஸ் பக்கமிருந்து க்ரப்பையும் பட்டியலையும் சீர்செய்தல் | க்ரப், துவக்கப் பட்டியல் | முடியும் | தீங்கில்லை | 10 முதல் 20 நிமிடம் |
| விண்டோஸ் பென்டிரைவிலிருந்து துவக்கக் கோப்புகளை எழுதுதல் | இஎஃப்ஐ பார்ட்டிஷன், பிசிடி | கவனமாகச் செய்தால் முடியும் | வரிசை மாறும் | 1 மணி நேரம் |
| தானியங்கிக் கருவிகள் | கலவை | ஓரளவு | கருவியைப் பொறுத்தது | 15 நிமிடம் முதல் |
| விண்டோஸை மீட்டமைத்தல் | விண்டோஸின் உட்பழுது | முடியாது | வரிசை மாறும் | அரை நாள் |
| புதிதாக நிறுவுதல் | வட்டுப் பழுது தவிர எல்லாம் | முடியாது | கைத்தவறினால் அழியும் | 1 முதல் 2 நாள் |

## வழி 1: லினக்ஸ் பக்கமிருந்தே சீர்செய்தல்

சோதனையில் விண்டோஸ் நேரடியாகத் திறந்தது என்றால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். க்ரப்பின் பட்டியலில் விண்டோஸ் காணாமல் போவதற்கு மிக எளிய காரணம் ஒன்று இருக்கிறது. மற்ற இயங்குதளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-ப்ரோபர் என்னும் சிறு நிரலை, 2021இல் வெளிவந்த க்ரப் 2.06 முதல் பாதுகாப்புக் காரணங்களுக்காக இயல்பாகவே நிறுத்தி வைத்துவிட்டார்கள். சில லினக்ஸ் விநியோகங்கள் தாங்களாகவே அதை மறுபடி இயக்கி அனுப்புகின்றன, சில அனுப்புவதில்லை. லினக்ஸைப் புதுப்பித்த மறுநாள் விண்டோஸ் பட்டியலிலிருந்து மறைந்தது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அந்த நிரலை முடக்கும் வரியின் மதிப்பைப் பொய் என்று மாற்றி, க்ரப்பின் பட்டியலை மறுபடி உருவாக்கினால், உருவாகும்போதே திரையில் விண்டோஸ் பூட் மேனேஜர் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு வரி ஓடும். அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள்.

இன்னொரு சூழல், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் கோப்புறை பத்திரமாக இருக்க, யூஇஎஃப்ஐயின் பட்டியலில் அதற்கான பதிவு மட்டும் அழிந்துபோவது. பயாஸைப் புதுப்பித்த பிறகும், தாய்ப்பலகையின் அமைப்புகளை முதல்நிலைக்குக் கொண்டுவந்த பிறகும் இது நேர்வதுண்டு. லினக்ஸில் உள்ள இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்னும் கட்டளை அந்தப் பட்டியலைக் காட்டும், வரிசையை மாற்றும், இல்லாத பதிவைப் புதிதாகச் சேர்க்கும். வட்டில் ஒரு கோப்பையும் தொடாமல் விண்டோஸ் திரும்பி வருவதைப் பார்க்கும்போது உண்டாகும் நிம்மதி தனி.

இந்த வழியின் மறைந்த செலவு பிட்லாக்கர் உள்ள கணினிகளில்தான் தெரியும். சில கணினிகளில் க்ரப் வழியாக விண்டோஸைத் திறந்தால், துவக்கப் பாதை மாறிவிட்டதாக உணர்ந்து ஒவ்வொரு முறையும் சாவி கேட்கும். அத்தகைய கணினியில் க்ரப்பின் பட்டியலோடு போராடுவதைவிட, விண்டோஸை எப்போதும் பயாஸின் ஒருமுறைத் துவக்கப் பட்டியலிலிருந்தே திறப்பது மேல்.

விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் இன்னொரு முறையிலும் நிறுவப்பட்டிருந்தால், அதாவது ஒன்று யூஇஎஃப்ஐ, மற்றது பழைய பயாஸ் என்றால், க்ரப்பால் விண்டோஸை அழைக்கவே முடியாது. எத்தனை முறை பட்டியலைப் புதுப்பித்தாலும் பயன் இருக்காது. லினக்ஸின் துவக்கியை விண்டோஸ் இருக்கும் முறையிலேயே மறுபடி நிறுவ வேண்டும்.

## வழி 2: துவக்கக் கோப்புகளை மட்டும் மறுபடி எழுதுதல்

மைக்ரோசாஃப்ட் கோப்புறை காலியாகவோ சிதைந்தோ இருந்தால், அல்லது இப்போது இல்லாத ஒரு பார்ட்டிஷனைப் பிசிடி பதிவேடு சுட்டிக்கொண்டிருந்தால், லினக்ஸ் பக்கமிருந்து செய்வதற்கு அதிகம் இல்லை. பார்ட்டிஷன்களை நகர்த்தியவர்கள், வட்டை மாற்றியவர்கள், லினக்ஸ் நிறுவும்போது இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்ய ஒப்புதல் கொடுத்தவர்கள் ஆகியோர் வந்து சேரும் இடம் இது. விண்டோஸின் கோப்புகள் முழுவதும் அப்படியே இருக்கும். வாசல் மட்டும் இடிந்திருக்கும். வாசலைக் கட்டினால் போதும் என்பதால் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேறொரு கணினியில் விண்டோஸின் நிறுவல் பென்டிரைவைத் தயார் செய்து, அதை யூஇஎஃப்ஐ முறையிலேயே துவக்கி, நிறுவும் திரை வந்ததும் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அங்கே டிஸ்க்பார்ட் மூலம் பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டு, ஃபேட்32 என்று காட்டும் அந்தச் சிறிய பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு பிசிடிபூட் என்னும் கட்டளை ஒன்றே போதும். விண்டோஸ் கோப்புறை எங்கே இருக்கிறது, எந்தப் பார்ட்டிஷனில் எழுத வேண்டும், எழுத வேண்டியது யூஇஎஃப்ஐ வகை என்ற மூன்று தகவல்களை அது கேட்கும். துவக்கக் கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்ற ஒற்றை வரி வந்தால் வேலை முடிந்தது.

இதில் கவனம் சிதறக்கூடாத இடம் எழுத்துகள். இந்தச் சாளரத்தில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் வழக்கம்போல் சி என்ற எழுத்தோடு இருக்கும் என்று எண்ணக்கூடாது. டி, ஈ என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் பட்டியலிட்டு, விண்டோஸ் என்ற கோப்புறையும் யூசர்ஸ் என்ற கோப்புறையும் சேர்ந்து இருப்பதைப் பார்த்த பின்பே எழுத்தை உறுதிசெய்யுங்கள். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் அந்தப் பார்ட்டிஷன் இங்கேயும் திறக்காது. முன்பே தேடி எடுத்த சாவி இப்போது தேவைப்படும்.

பரவலாகப் பகிரப்படும் நான்கு கட்டளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்ரெக் என்னும் கருவியின் அந்த நான்கில், எம்பிஆரை, அதாவது வட்டின் முதல் 512 பைட்டுகளைச் சரிசெய்யும் கட்டளை யூஇஎஃப்ஐ கணினியில் எந்தப் பழுதையும் நீக்காது. துவக்கப் பிரிவைச் சரிசெய்யும் கட்டளையோ, விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் அனுமதி மறுக்கப்பட்டது என்று திரும்பி வருவது வழக்கம். அந்த மறுப்பைக் கண்டு, இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி முயலுமாறு சில குறிப்புகள் வழிகாட்டுகின்றன. விண்டோஸ் மட்டும் உள்ள கணினியில் அது பிழைத்துக்கொள்ளும். இரட்டை இயங்குதளக் கணினியில் அந்த ஃபார்மட், அதே பார்ட்டிஷனில் குடியிருக்கும் க்ரப்பையும் துடைத்துவிடும். விண்டோஸைத் தேடிப் போனவர் லினக்ஸையும் திறக்க முடியாமல் திரும்புவது இந்த ஒரு வரியால்தான். பிசிடிபூட் இருக்கும் கோப்புகளின் மேலேயே எழுதும். ஃபார்மட் தேவையே இல்லை.

பழைய பயாஸ் முறைக் கணினியில் கதை வேறு. அங்கே எம்பிஆரைச் சரிசெய்யும் கட்டளை உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் முதல் 512 பைட்டுகளில் துவக்க நிரலுக்கு உரிய 446 பைட்டுகளில் இருக்கும் க்ரப்பின் மேல் விண்டோஸின் நிரலை எழுதிவிடும். விண்டோஸ் திறந்த பிறகு, லினக்ஸ் பென்டிரைவிலிருந்து க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டிவரும். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

யூஇஎஃப்ஐ கணினியில் இந்த வழி முடிந்ததும் க்ரப் தோன்றாமல் நேராக விண்டோஸ் திறக்கும். பதற வேண்டாம். லினக்ஸின் கோப்புறை அப்படியே இருக்கிறது. பிசிடிபூட் தன் பதிவைப் பட்டியலின் முதலிடத்தில் வைத்துவிட்டது, அவ்வளவே. பயாஸ் அமைப்பில் வரிசையை மாற்றினால் க்ரப் திரும்பிவிடும்.

## வழி 3: தானியங்கிக் கருவிகள்

கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸின் ஸ்டார்ட்டப் ரிப்பேர். தொடக்கம் அடுத்தடுத்து இருமுறை தோற்றால் மீட்புச் சூழல் தானாகவே திறந்து அதைக் காட்டும். மற்றது லினக்ஸ் பென்டிரைவிலிருந்து இயங்கும் பூட்-ரிப்பேர்.

ஸ்டார்ட்டப் ரிப்பேரை ஒருமுறை ஓடவிடுவதில் தவறில்லை. அது விண்டோஸை மட்டுமே கவனிக்கும். தோற்றாலும் எஸ்ஆர்டி-ட்ரெயில் என்ற பெயரில் ஒரு பதிவுக் கோப்பை விட்டுச்செல்லும், அதில் எந்தக் கோப்பில் தடங்கியது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆனால் ஒருமுறை தோற்றதை ஐந்து முறை ஓடவிடுவதால் பயனில்லை. பூட்-ரிப்பேரின் பரிந்துரைக்கப்பட்ட பழுதுபார்ப்பு அடிப்படையில் க்ரப்பை மறுபடி நிறுவுகிறது. பழுது க்ரப்பில் என்றால் அது நல்ல துணை. விண்டோஸின் துவக்கக் கோப்புகளே இல்லையென்றால் அவற்றை அதனால் உருவாக்க முடியாது. அதன் மேம்பட்ட தெரிவுகளில் விண்டோஸின் இஎஃப்ஐ கோப்புகளைப் பெயர்மாற்றும் ஒன்று உண்டு. பொருள் தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எனக்கு அந்தக் கருவியில் மிகவும் பயன்பட்டது, பழுதுபார்ப்பதற்கு முன் அது தயாரிக்கும் அறிக்கைதான்: எந்தப் பார்ட்டிஷனில் எந்தத் துவக்கி இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் காட்டிவிடும்.

## மீட்டமைப்புக்கு முன் பார்க்க வேண்டிய பயாஸ் அமைப்பு

ஒருமுறை என்னிடம் வந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஒழுங்காகத் திறந்தது. விண்டோஸின் சின்னம் தோன்றி, புள்ளிகள் நான்கு சுற்றுச் சுற்றி, துவக்க வட்டை அணுக முடியவில்லை என்ற நீலத் திரை வந்தது. உரிமையாளர் ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டியிருந்தார். எல்லாவற்றையும் அழித்து நிறுவ வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து திறந்து பார்த்தேன். ஒரு கோப்பும் கெட்டிருக்கவில்லை. பிறகுதான், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். பயாஸைப் புதுப்பித்த நாளிலிருந்து என்றார். பயாஸுக்குள் சென்று பார்த்தால், வட்டைக் கையாளும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு முறைக்கு மாறியிருந்தது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறைக்கான டிரைவரையே தொடக்கத்தில் ஏற்றும். முறை மாறினால் தன் சொந்த வட்டையே அதனால் பார்க்க முடியாது. ஓர் அமைப்பை மாற்றிச் சேமித்தேன். விண்டோஸ் திறந்தது.

இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. லினக்ஸ் நிறுவி வட்டைக் காணாததால், ரெய்டு முறையை ஏஎச்சிஐக்கு மாற்றச் சொல்லும் குறிப்பைப் பின்பற்றுகிறார்கள். லினக்ஸ் நிறுவப்படுகிறது, விண்டோஸ் நின்றுவிடுகிறது. பழைய முறைக்குத் திரும்பினால் விண்டோஸ் திறக்கும். ஏஎச்சிஐயே வேண்டுமென்றால், திரும்பிய பின் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்குமாறு அமைத்து, அதன் பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை பாதுகாப்பு முறையில் திறந்து, பிறகு இயல்பு முறைக்கு வர வேண்டும். அப்போது தேவையான டிரைவரை விண்டோஸ் தானே ஏற்றிக்கொள்ளும்.

நம்பகமான துவக்கிகளை மட்டும் இயங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பும் இதே வகை. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பழைய லினக்ஸ் துவக்கிகளைத் தடுத்தபோது, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸ் நின்றது. செக்யூர் பூட்டை நிறுத்துவதுதான் அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட வழி. நிறுத்தினால் லினக்ஸ் திறக்கும். ஆனால் பிட்லாக்கர் உள்ள கணினியில் அந்த மாற்றமே விண்டோஸைச் சாவி கேட்க வைக்கும். ஒன்றைத் திறக்கச் செய்யும் மாற்றம் மற்றதைப் பூட்டும் என்பதால், பயாஸில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் அந்தத் திரையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: விண்டோஸை மீட்டமைத்தல்

துவக்கியும் சரி, பயாஸும் சரி, வட்டும் சரி, ஆனால் விண்டோஸ் பாதியில் நிற்கிறது என்றால், பழுது அதன் உட்கோப்புகளில். இங்கே கூட மீட்டமைப்பு முதல் அடியாக இருக்க வேண்டியதில்லை. மீட்புச் சூழலில் கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கும் தெரிவு இருக்கிறது. முந்தைய மீட்புப் புள்ளிக்குத் திரும்பும் தெரிவு இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் சிஎச்கேடிஸ்க் மூலம் கோப்பு முறைமையைச் சரிபார்க்கலாம். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் அதற்கு ஈடாகாது. அது சில முரண்பாடுகளை மட்டும் நீக்கி, முழுச் சரிபார்ப்பை விண்டோஸுக்கே விட்டுவிடுகிறது.

இவை பயனளிக்காதபோது மீட்டமைப்பு. கோப்புகளை வைத்துக்கொள் என்ற தெரிவு பயனர் கோப்புறைகளை வைத்துக்கொள்ளும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தையும் நீக்கிவிடும். இதுதான் இந்த வழியின் உண்மையான விலை. உரிமம் ஒரு கணினிக்கென்று பதிவாகும் மென்பொருள்கள், அவற்றின் உள்ளே மட்டும் சேமிக்கப்பட்ட அமைப்புகள், சி பார்ட்டிஷனின் வேர்ப்பகுதியில் தனியே கோப்புறை உருவாக்கி வைத்திருந்த வேலைகள் ஆகியவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள், அடுத்து வரும் கேள்வியில் விண்டோஸ் உள்ள டிரைவ் மட்டும் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கணினிக்குள் இருக்கும் மீட்புச் சூழலே திறக்கவில்லை என்றால் இந்த வழி கைவிட்டுப் போகிறது. நிறுவல் பென்டிரைவிலிருந்து நுழைந்தால் மீட்டமைக்கும் தெரிவு பொதுவாகக் காட்டப்படுவதில்லை.

## வழி 5: புதிதாக நிறுவுதல்

இதை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் நேரமும், பார்ட்டிஷன் தேர்வுத் திரையும். அந்தத் திரையில் லினக்ஸின் பார்ட்டிஷன்கள் பெயரில்லாமல், வகை தெரியாமல், வெறும் அளவுகளாக நிற்கும். எண்ணைத் தவறாகப் பார்த்து அழித்தால் லினக்ஸ் போய்விடும். தொடங்கும் முன் லினக்ஸிலிருந்து பார்ட்டிஷன்களின் வரிசையையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸ் இருந்த இடத்தை மட்டும் தொடுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனை விட்டுவிடுங்கள், நிறுவி அதையே பயன்படுத்திக்கொள்ளும். பழைய பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அதிலேயே நிறுவினால், முந்தைய கோப்புகள் விண்டோஸ் ஓல்டு என்ற கோப்புறைக்குப் போகும். அது தானாக நீக்கப்படக்கூடும் என்பதால் காப்புநகலாக அதை எண்ண வேண்டாம்.

விண்டோஸ் உரிமம் பற்றிய கவலை பெரும்பாலும் தேவையற்றது. அதே கணினியில் அதே பதிப்பை நிறுவினால், வன்பொருளோடு இணைந்த டிஜிட்டல் உரிமம் இணையம் கிடைத்ததும் தானே செயல்படும். விண்டோஸ் 10 வைத்திருந்தவர்கள் மட்டும் இங்கே ஒரு கணம் நிதானிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14உடன் அதன் பொது ஆதரவு முடிந்துவிட்டது. நிறுவும் வேலையே செய்யப் போகிறோம் என்றால், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, யூஇஎஃப்ஐ, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் என்ற தேவைகளைக் கணினி நிறைவு செய்கிறதா என்று பார்த்து விண்டோஸ் 11ஐ நிறுவுவதே பொருத்தம்.

வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன ஐந்தும் தவறான வழிகள். கோப்புகள் திறக்க நெடுநேரம் ஆவது, ஹார்டு டிஸ்கில் டிக் டிக் என்ற ஒலி, லினக்ஸில் வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது ஆகியவை அறிகுறிகள். அப்போது ஒரு பழுதுபார்ப்பும் செய்யாமல், டிடிரெஸ்க்யூ என்னும் நகலெடுக்கும் நிரல் மூலம் முழு வட்டையும் வேறொன்றுக்கு நகலெடுத்து, வேலையை நகலில் செய்யுங்கள். சிஎச்கேடிஸ்க்கைக்கூட அந்த வட்டில் ஓடவிடாதீர்கள்.

## மீண்ட பிறகு இதே ஏற்பாட்டில் தொடர்வதா

விண்டோஸ் அவ்வப்போது ஓர் அலுவலக மென்பொருளுக்காக மட்டும் தேவைப்படுகிறது என்றால், லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் அதை வைத்துக்கொள்வது துவக்கச் சிக்கலையே இல்லாமல் செய்துவிடும். குறைந்தது 16 ஜிபி நினைவகம் இருந்தால் நன்றாக ஓடும். விளையாட்டுகளுக்கும் கனமான காட்சித் தொகுப்புகளுக்கும் அது பொருந்தாது. அவை வேண்டுமென்போருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு தனி வட்டுகள். ஒன்றில் நிறுவும்போது மற்றதைக் கழற்றி வையுங்கள். அப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாகும், ஒன்றில் நேரும் பழுது மற்றதை எட்டாது.

ஒரே வட்டில்தான் தொடர வேண்டும் என்றால், இன்றே செய்துவிடக்கூடியவை மூன்று. விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்துங்கள். பயாஸைப் புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்துங்கள். லினக்ஸிலிருந்து இஎஃப்ஐ பார்ட்டிஷனின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு பென்டிரைவுக்கு நகலெடுத்து, அதே பென்டிரைவில் பார்ட்டிஷன்களின் பட்டியலையும் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பெரும்பாலும் 100 எம்பிக்குள் முடியும் அந்த நகல் கையில் இருந்தால், அடுத்த முறை வாசல் இடியும்போது மைக்ரோசாஃப்ட் கோப்புறையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆரால் ஒரு பதிவைச் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிட வாய்ப்புண்டு. பிட்லாக்கர் சாவியை மட்டும் அந்தப் பென்டிரைவில் வைக்காமல் தனியே தாளில் எழுதி வையுங்கள்.